'அன்' விகுதி இல்லாத, கூப்பிடு பெயர் போன்ற ஒரு பெயர் ஆண் குழந்தைக்கு ஒத்துவருமா?

எழிலின்_அப்பா (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குச் சென்ற மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். நட்சத்திரம் மகம் என்பதால் மா, மீ, மூ, மே ஆகிய எழுத்துகளின் வரிசையில் பெயர் தொடங்க வேண்டும் என்று என் தாயார் விரும்புகிறார். அதில் எனக்கோ மனைவிக்கோ மறுப்பு இல்லை. எங்கள் குழப்பம் வேறு.

மூத்த மகளுக்கு நான்கு வயது. அவள் பெயர் எழில். அந்தப் பெயரை வைத்தபோது அது ஆணுக்கு உரியதா பெண்ணுக்கு உரியதா என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. சொல் பிடித்திருந்தது, வைத்தோம். ஆனால் தடுப்பூசி போடும் இடத்திலும், பள்ளியில் சேர்க்கும்போதும், பெயரை மட்டும் காதால் கேட்டவர்களில் பலர் "பையனா?" என்று கேட்டார்கள். தொடக்கத்தில் சலிப்பாக இருந்தாலும், நாளடைவில் அந்தக் கேள்வி எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே அது எப்படி இருக்கும், எதை வைத்து விளையாடும் என்று யாராலும் முடிவுகட்ட முடியவில்லை அல்லவா? அக்காவுக்கு இப்படியொரு பெயர் இருக்கையில், தம்பிக்கு மட்டும் 'மதியழகன்', 'மகிழ்வேந்தன்' என்று பிறந்தவுடனே மீசை முளைத்த பெயரை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வீட்டில் கூப்பிடவும் பதிவேட்டில் எழுதவும் ஒன்றாகவே அமையும்படியான, இரண்டு மூன்று எழுத்துக்குள் அடங்கும், ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும் பெயரைத் தேடுகிறோம். மகிழ், மதி, முகில், மணி ஆகிய நான்கும் இப்போது கையில் இருக்கின்றன. இவற்றுள் எது நல்லது? இத்தகைய பெயரோடு வளர்ந்த ஆண்கள் யாரேனும் இருந்தால் அவர்களது அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன். ஐம்பது வயதில் ஓர் அலுவலகத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு இந்தப் பெயர் செல்லப் பெயராகவே ஒலிக்குமோ என்பது என் மனைவியின் கவலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைந்த என் தந்தையின் பெயரான மாரிமுத்துவைப் பேரனுக்கு வைக்க வேண்டும் என்பதே என் தாயாரின் முதல் ஆசை. அது இக்காலத்துக்குப் பொருந்தாது என்று நாங்கள் தயங்குகிறோம். இதற்கிடையே எழில் தம்பியை 'மம்மு' என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் சோற்றுக்கும் அதுதான் பெயர் என்பதால், அது நிலைத்துவிடுவதற்குள் நாங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

பொருநைக்கரை (திருநெல்வேலி):

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வருகைப்பதிவேட்டில் படித்த பெயர்களை எண்ணினால் சில ஆயிரம் தேறும். ஆதலால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் காட்டாத பெயர் தமிழுக்குப் புதியது அன்று. பழைய இலக்கண உரைகளில் 'சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது' என்றோர் எடுத்துக்காட்டு வரும். சாத்தன் மனிதனா, அந்தப் பெயர் இடப்பட்ட காளையா என்பதைப் பெயர் சொல்லாது, வினைமுற்றுதான் சொல்லும். இத்தகைய பெயர்களைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. நம் மொழியில் ஒருவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் வேலையை வினைச்சொல்லே செய்துவிடுவதால், பெயர் அந்தச் சுமையைச் சுமந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. அதே காரணத்தால் உங்கள் விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 'மகிழ்' என்று பெயர் வைத்தாலும் 'மகிழ் வந்தான்' என்று யாரேனும் சொன்ன மறுகணம் பெயர் மறைத்தது வெளிப்பட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், கைக்குழந்தையாக இருக்கும் வரை 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணையில் சொல்கிறோம். வயதும் மதிப்பும் கூடிய பிறகு 'அவர் வந்தார்' என்று பலர்பாலில் சொல்கிறோம். இரண்டிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. இடைப்பட்ட காலத்தில்தான் 'ஆன்' விகுதியும் 'ஆள்' விகுதியும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து பாருங்கள். இசக்கி, பேச்சி, மாரி, ஆவுடை, வடிவு, அழகு, பொன்னு என்று தெருவில் கூப்பிட்டால் ஆணும் திரும்பிப் பார்ப்பார், பெண்ணும் திரும்பிப் பார்ப்பார். பதிவேட்டில் அவர்கள் இசக்கிமுத்துவாகவோ இசக்கியம்மாளாகவோ, ஆவுடையப்பனாகவோ ஆவுடையம்மாளாகவோ இருப்பார்கள். பெயரின் முன்பாதி தெய்வத்துக்கு அல்லது பொருளுக்கு உரியது. பின்பாதியே ஆணையும் பெண்ணையும் பிரித்தது. வாய் எப்போதும் முன்பாதியோடு நின்றுவிடும். உங்கள் மனைவி அஞ்சுவதுபோல் அவர்களில் எவரும் ஐம்பது வயதில் குழந்தையாகத் தோன்றியதில்லை. பேச்சி என்ற பெயருடைய ஓர் ஆண் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் தலைமையாசிரியர் எழுந்து நிற்பார்.

1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், சுவாமி வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். இராமையா என்ற இளைஞர் அன்பழகன் ஆகி, பின்னாளில் பேராசிரியர் க. அன்பழகனாக நாடறிந்தார். அக்காலத்தில் பெருகிய அன்பழகன், அறிவழகன், நெடுஞ்செழியன் முதலிய பெயர்களில் 'அன்' விகுதி வலுவாக அமர்ந்திருந்தது. இன்று உங்களைப் போன்ற பெற்றோர் முகிலனிலிருந்து முகிலையும் மகிழனிலிருந்து மகிழையும் தனியே எடுக்கிறார்கள். இதைப் புதுமோகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கோ பழைய தெருவழக்கம் வேறு வழியில் திரும்பி வருவதாகவே தோன்றுகிறது.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். 'மகிழ்' அழகான சொல். வினையடி என்பதால் கூப்பிடும்போதெல்லாம் 'மகிழ்வாயாக' என்று ஏவுவதும் ஆகிறது. பெயர்ச்சொல்லாகக் கொண்டால் மகிழமரத்தைக் குறிக்கும். நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயர் அம்மரத்தின் பூவால் வந்ததே. ஆனால் யாரேனும் அதை நீட்டி 'மகிழ்நன்' என்று பதிவுசெய்யச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள். சங்க அகப்பாடல்களில் மகிழ்நன் என்பது மருதநிலத் தலைவனைக் குறிக்கும் சொல். பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய அவரை வாயிலில் நிறுத்தித் தலைவி சண்டையிடும் பாட்டுகளில்தான் 'மகிழ்ந' என்ற விளி மிகுதியாகக் கேட்கும். 'மதி' நிலவையும் அறிவையும் குறிப்பதால் குறைசொல்ல இடமில்லை. 'மணி' நன்று, ஆயினும் ஒரு தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள்.

மலர்_கோவை:

நீங்கள் கேட்ட அனுபவம் என்னிடம் இருக்கிறது. நான் ஆண், வயது நாற்பத்து மூன்று, என் சான்றிதழ்கள் அனைத்திலும் பெயர் 'மலர்' மட்டுமே. மலர்மன்னன் என்று வைக்க எண்ணியிருந்த என் தந்தை, பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ அவசரத்தில் முதற்பாதியை மட்டும் சொல்லிவிட்டாராம்.

நான் படித்த கல்லூரியில் முதலாண்டு விடுதிப் பட்டியல் ஒட்டப்பட்டபோது என் பெயர் மகளிர் விடுதிப் பட்டியலில் இருந்தது. பெட்டியோடு அந்த வாயிலில் போய் நின்ற என்னைக் காவலர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இப்போதும் வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் 'மேடம்' என்றே தொடங்குகின்றன, என் குரலைக் கேட்டதும், "மலர் மேடம் இருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். நான் என் மனைவியின் செயலாளரைப் போல, "சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன்" என்று பதில் சொல்வதும் உண்டு.

பள்ளியில் கேலி இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அது கடுமையாகவே இருந்தது. ஆனால் பொதுப்பெயர்கள் எல்லாமே தராசின் நடுவில் நிற்பவை அல்ல என்பதுதான் அதற்குக் காரணம். மலர், தென்றல், நிலா, கயல் ஆகியவற்றைக் கேட்டதும் பெரும்பாலோர் பெண்ணை நினைக்கிறார்கள். கதிர், முத்து, மணி என்றால் ஆணை நினைக்கிறார்கள். மதி, எழில், சுடர், தமிழ் போன்றவையே ஓரளவு நடுவில் நிற்கின்றன. பெண்பக்கம் சாய்ந்த பெயரைச் சுமக்கும் பையனுக்குக் கிடைக்கும் கேலி, ஆண்பக்கம் சாய்ந்த பெயரைச் சுமக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. எழிலுக்கு நேர்ந்த இனிய அனுபவம் தம்பிக்கும் அப்படியே நேரும் என்று எண்ணாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே வேளையில், பெயர் மனிதரோடு சேர்ந்து வளர்ந்துவிடும். சொரிமுத்து என்று பிறந்து ப. ஜீவானந்தமாகிய பொதுவுடைமைத் தலைவரை எல்லோரும் ஜீவா என்றார்கள். அந்தப் பெயரை இன்று பெண்களும் ஆண்களும் ஒன்றுபோல் வைத்துக்கொள்கிறார்கள். எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக்கிக்கொண்டு எழுதியபோது, பெண் எழுத்தாளர் என்று நம்பியவர்கள் எத்தனையோ பேர். பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர்களுக்கு அவர் முகமே நினைவுக்கு வந்தது. என்னைப் பொறுத்தவரை, இன்று அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வாய்ப்பளித்தாலும் மாற்றமாட்டேன். உங்கள் நான்கில் என் வாக்கு மதிக்கு.

பதிவுத்தாள் (சென்னை):

பெயரின் அழகைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும்; நான் தாள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டுமே தவிர, பெயரை அதற்குள் முடிவுசெய்ய வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமல் பதிவான பிறப்புக்கு, பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எனவே மம்முவுக்கு அஞ்சி அவசரப்பட வேண்டாம்.

ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் எளிதாக மாற்ற முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். முன்பெல்லாம் மலர் ஐயாவின் தந்தையைப் போலப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு பெயரைச் சொல்லிவிட முடிந்தது. இனி அது நடவாது. பாலினத்துக்குத் தனிக் கட்டம் எல்லாப் படிவங்களிலும் இருப்பதால், பொதுப்பெயரால் சட்டச் சிக்கல் எதுவும் வராது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். 'மகிழ்' என்பதை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழிகள் உள்ளன. ஆதாரில் ஒன்றும் சான்றிதழில் இன்னொன்றும் ஆகிவிட்டால் பிற்காலத்தில் அலைய வேண்டியிருக்கும்.

ஷார்ஜாவாசி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் இருப்பவர்கள் பார்வையாளர் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, தலைப்பெழுத்தை விரிக்காமல் கடவுச்சீட்டு எடுத்திருந்த நம்மவர்கள் பலர் தடுமாறினார்கள். குறுகிய பெயரைத்தான் வைப்பீர்கள் என்றால், கடவுச்சீட்டு எடுக்கும்போது தந்தை பெயரையும் விரித்து எழுதிவிடுங்கள். மேலும், 'ழ' உள்ள பெயரை இங்கே எவராலும் சொல்ல முடிவதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஓர் எழில் இருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு ழகரம் போதும்.

பேச்சியின்_பேத்தி (விருதுநகர்):

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. செல்லப் பெயர் போன்ற பெயரைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறோம் என்கிறீர்கள். செல்லப் பெயரை யாராவது தேர்ந்தெடுத்து வைத்ததுண்டா? அது வாயில் தானாக வந்து ஒட்டிக்கொள்வது அல்லவா? பொன்மலையில் இரயில்வே தொழிலாளர்கள் பாப்பா என்று அழைத்த தனலட்சுமி என்ற சிறுமி, பின்னாளில் தலைவராகி, சட்டமன்றத்துக்கு வந்த போதும் பாப்பா உமாநாத்தாகவே இருந்தார். ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் 1906-இல் பிறந்த புலவர் குழந்தை, திருக்குறளுக்கு உரை எழுதி முதுமை எய்திய பிறகும் குழந்தைதான். உங்கள் மனைவியின் ஐம்பது வயதுக் கவலைக்கு இவ்விருவரும் போதும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்க விரும்புவது வேறு. மறைந்த உங்கள் தந்தையின் பெயர் மாரிமுத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள்? எங்கள் ஊரில் மாரிமுத்து என்று முழுதாக அழைக்கப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆசிரியர் ஐயா தம் பட்டியலில் மூன்றாவதாக எழுதிவிட்டு, தாமே கவனிக்காமல் கடந்துபோன பெயர் அது. 'மா' என்ற எழுத்தில் தொடங்குகிறது, இரண்டே எழுத்து, ழகரம் இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அதற்கும் மேலாக, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து வந்த உண்மையான செல்லப் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பதை உங்கள் தாயாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருநைக்கரை:

அம்மா, பிடித்துவிட்டீர்கள். என் கண்ணாடியைத்தான் குறைசொல்ல வேண்டும். மாரி என்றால் மழை. புலவர்கள் எல்லோரும் பாரி ஒருவனையே புகழ்கிறார்கள், உலகைக் காக்க இங்கே மாரியும் உண்டே என்று கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பழைய பெயர் என்று தயங்கும் தம்பிக்கு, அதைவிடப் பழைய இந்தப் பாட்டைச் சொல்லி வைக்கிறேன்.

எழிலின்_அப்பா:

அனைவருக்கும் நன்றி. பேச்சியின் பேத்தி கேட்டதைப் படித்துவிட்டு நானும் மனைவியும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. என் தந்தையை நண்பர்கள், கடைக்காரர், அஞ்சல்காரர் என எல்லோரும் மாரி என்றுதான் அழைத்தார்கள். எனக்கு அவர் 'அப்பா' என்பதால், அந்தப் பெயரை ஒரு பெயராக நான் ஒருபோதும் கேட்டுப் பார்க்கவில்லை போலும். மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. 'எழில், மாரி' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தோம். வாய்க்கு இதமாகவே இருந்தது. மலர் ஐயா சொன்ன தராசில் இது எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் தெரியவில்லை. மதுரையில் இரு பக்கமும் மாரிகள் இருக்கிறார்கள். பதிவேட்டிலும் அதையே எழுத முடிவுசெய்திருக்கிறோம்.

ஆனால் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு தடை வந்தது. மகிழ்ச்சியோடு அம்மாவிடம் சொன்னபோது அவர் கண்கலங்கி, "வையுங்கள், ஆனால் நான் எப்படிக் கூப்பிடுவேன்?" என்று கேட்டார். திருமணமான நாளிலிருந்து இன்றுவரை அவர் கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு வங்கியில் கேட்டபோதும் என்னைத்தான் சொல்லச் சொன்னார்.

எழிலின்_அப்பா:

பத்து நாள் கழித்து இந்த இழையை முடித்துவைக்க வந்திருக்கிறேன். நேற்றுத் தொட்டிலில் இட்டுப் பெயர் வைத்தோம். காதில் பெயரைச் சொல்ல வேண்டிய முறை அம்மாவுக்கு வந்தபோது என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. மாலையில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, "மழை, என் மழை" என்று அவர் கொஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. எழில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்று காலை சமையலறைக்கு ஓடி வந்து, "அம்மா, மழை அழுகிறது" என்றாள். என் மனைவி கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.